மூன்றாம் அழைப்பு

நீதிமன்றத்தில் என்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமாகக் கட்டும் வெள்ளைச் சேலையை விட்டுவிட்டுச் சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு போனேன். திண்டுக்கல்லில் ஆசிரியையாகவே வாழ்ந்து ஓய்வுபெற்றவளுக்கு இந்த ஊரில் ஒளிய இடம் கிடையாது. பூக்கடையில் இருப்பவன் என்னிடம் படித்தவன். பூட்டுக் கடைக்காரரின் மனைவி என்னிடம் அடி வாங்கியவள். ஆரோக்கியம்மாள் டீச்சர் கோர்ட்டு வாசலில் நின்றாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாலை பூசைக்குள் எங்கள் மாதா கோவில் பங்கு முழுவதும் தெரிந்துவிடும்.

காலையிலிருந்தே மழை மூட்டம். மலைக்கோட்டையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கி, குடையை முகத்துக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்தபடி உள்ளே நடந்தேன்.

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் தம்பி பிரான்சிசும் அவன் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், அவர்கள் மகன் பிராங்கிளினை வளர்த்ததும் அந்த வீட்டை நடத்தியதும் நான்தான். அவன் இப்போது மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவனுக்கு முதலில் கட்டிவைத்த பெண், வடமதுரைப் பக்கம் காய்கறி விவசாயம் செய்யும் ஞானராஜின் மகள். பெயர் பாத்திமா, பாத்திமா மாதாவின் நினைவாக வைத்தது.

ஒரு சின்னப் பேச்சில் கோபித்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கம், கோபித்துப் போன மருமகளைப் பெரியவர்கள் நாலு பேர் போய் அழைத்து வருவது ஊர் வழக்கம். எங்கள் வீட்டு வழக்கம் அது இல்லை. தானாகப் போனவள் தானாக வர வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

அவள் அழைப்புக்காகக் காத்திருந்தாள். நாங்கள் போகவில்லை. கடைசியில் அவளே, கணவனோடு சேர்ந்து வாழ உத்தரவிடும்படி கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். எங்கள் சார்பில் வக்கீல் மட்டும் போனார். விசாரணை நாளன்று அவர் போன் செய்தார். டவாலி மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தும் பெண் ஆஜராகவில்லை, வழக்குத் தள்ளுபடி என்றார். நான் மாதா படத்துக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மாலையில்தான் மற்ற செய்தி வந்தது. அன்று காலை அவள் வடமதுரையிலிருந்து கோர்ட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். பஸ்மேல் லாரி மோதியிருந்தது. சந்தைக்குப் போகும் கொத்தமல்லிக் கட்டுகள் அந்த பஸ்ஸில் நிறைய இருந்தனவாம். அந்தக் கட்டுகளுக்கு அடியிலிருந்துதான் அவளை எடுத்தார்கள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றது கிடைக்கவில்லை என்று பிராங்கிளின் சொன்னான். அவன் மட்டும் அடக்கத்துக்குப் போனான். நான் மாலை அனுப்பினேன்.

இது நடந்து ஆறு வருடம். இப்போது பிராங்கிளினுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்திருந்தது. பெண்ணின் பெயர் ரீனா. அவள் அப்பா ரொனால்டு, நாகல்நகரில் தோல் வியாபாரம் செய்பவர். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவர் ஒன்று சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். மொதப் பொண்ணு கோர்ட்டுக்குப் போயிருக்குன்னு சொல்றாக. அது என்ன எழுதிக் குடுத்துச்சுன்னு நான் கண்ணால பாக்கணும். கோர்ட்டு முத்திரை வச்ச நகல் வேணும். அது வந்துட்டா மத்த பேச்சே இல்ல."

எங்களுக்கு வந்த நகலை அன்றே அடுப்பில் வைத்துவிட்டோம். அதனால்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன்.

நகல் பிரிவில் சண்முகவள்ளி என்று பெயர்ப்பலகை வைத்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நம்பர் சொல்லுங்கம்மா."

"எந்த நம்பர்?"

"வழக்கு நம்பர். அதில்லாம கேஸ் கட்டை எங்கன்னு போய்த் தேட? ரிக்கார்டு ரூமுக்குள்ள போனா தேடப் போன ஆளையே தேடணும்."

பெயரும் வருடமும் தெரிந்தால், எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அங்கே ஃபயாஸ் என்ற இளைஞன் நான் சொன்ன பெயரை அடித்துவிட்டுச் சிரித்தான்.

"பாத்திமான்னு மொட்டையா சொன்னா எப்படிம்மா? எங்க வீட்லயே ரெண்டு பேரு இருக்காக. ஒருத்தியக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வர மாட்டாளுக. அப்பா பேரு சொல்லுங்க."

ஞானராஜ் என்றேன். எண் கிடைத்தது. "முடிஞ்சு போன வழக்கு" என்று சொல்லி ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தான்.

திரும்பி வந்ததும் சண்முகவள்ளி அடுத்த கேள்வியைக் கேட்டாள். "நீங்க யாரு? கேசுல உள்ள பார்ட்டின்னா நேரா குடுத்துருவோம். வெளி ஆளுன்னா அஃபிடவிட் போடணும். உங்க பேரு, அப்பா பேரு, வீடு, எதுக்கு வேணும், எல்லாம் எழுதணும். ஜட்ஜம்மா பாத்து உத்தரவு போட்டாத்தான் நகல்."

எங்கள் அப்பா பெயரை அந்தக் காகிதத்தில் எழுதுவதா? பிராங்கிளின் அந்த வழக்கில் எதிர்மனுதாரர். அவன் பெயரில் கேட்கலாம். ஆனால் நகல் தயாரானதும் வராந்தாவில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். எங்கள் வீட்டு ஆண்பிள்ளையின் பெயர் அந்த வராந்தாவில் ஒலிக்க நான் விடமாட்டேன். "நானே போய் வாங்கிட்டு வாரேன் அத்தை" என்று அவன் கேட்டபோதே மறுத்தவள் நான்.

இன்னொரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டுப் பெயர் அல்லாத பெயர்.

"மனுதாரர் பாத்திமா பேரில்தான் வேணும்," என்றேன். "அவள் எங்க வீட்டு மருமகள். அவளால் வர முடியாது. நான் வந்து வாங்கிக்கொள்வேன்."

அதில் பொய் எதுவும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மருமகள் என்ற சொல்லை அவளைக் குறித்து நான் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் அதையே எழுதினேன்.

"சரிம்மா. அடுத்த வாரம் வாங்க. அந்தப் பேரைக் கூப்பிடுவாங்க, நீங்க எந்திரிச்சுப் போய் வாங்கிக்கங்க."

அடுத்த வாரம் நான் போனபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. மதிய இடைவேளை நெருங்கியிருந்ததால் வராந்தாவில் கூட்டம் கரைந்துவிட்டது. நான் ஒருத்திதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் போனது. பட்டப்பகலிலேயே வராந்தாவின் மறுகோடி, மாடிப்படி திரும்பும் இடம், இருண்டு போயிற்று. கூரைத் தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அலுவலக உதவியாளர் அப்துல் ஹக்கீம் நகல் கட்டும் பதிவேடுமாக வெளியே வந்து, வாசலிலிருந்த மேசையில் வைத்தார். வயதானவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆளைப் பார்க்காமல், பழகிய குரலில் இழுத்துக் கூப்பிட்டார்.

"பாத்திமா..."

எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெயருக்கு என் உடம்பு எழுந்திருக்க மறுத்தது. இன்னொருத்தியின் பெயருக்கு, அதுவும் அவள் பெயருக்கு, நான் எப்படி "இதோ" என்பது?

"பாத்திமா..."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பச்சைக் கொத்தமல்லியைக் கட்டோடு கசக்கினால் வருமே, அந்த வாசனை. அதனோடு டீசல் நெடி.

"பாத்திமா..."

"வாரேன்."

அது என் குரல் இல்லை.

மாடிப்படிப் பக்கமிருந்து வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தோடு, ஓடி வருகிறவளின் குரல். அந்தக் குரலை நான் ஒன்றரை வருடம் என் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

அப்துல் ஹக்கீம் நிமிரவில்லை. "மெதுவா வாம்மா, ஈரம், வழுக்கும்," என்றபடி பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார்.

காலடி கேட்டது.

ஒரு காலுக்குச் செருப்புச் சத்தம். மறு காலுக்குச் சத்தமே இல்லை. திரும்பவும் செருப்பு. திரும்பவும் எதுவுமில்லை.

வராந்தா முழுவதும் அப்படியே நடந்து வந்தது. என் எதிரே வந்தபோது செத்த நேரம் நின்றது. என் சேலையின் கொசுவம் காற்றில்லாமல் அசைந்தது. பிறகு மேசையருகே போய் ஓய்ந்தது.

அப்துல் ஹக்கீம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எதிரில் ஆள் இல்லை. பெஞ்சருகே என்னைப் பார்த்தார்.

"நீங்களாம்மா? கொரலு அந்தப் பக்கமில்ல கேட்டுச்சு. காதும் போயிருச்சு போல எனக்கு."

நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர் நீட்டியிருந்த பேனா ஈரமாக இருந்தது.

நகலை ரொனால்டு எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். அதில் யாரையும் குற்றம் சொல்லி ஒரு வரி இல்லை. தன்னை அழைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்பதே அதன் சாரம். "பாவம், நல்ல பிள்ளையா இருந்துருக்கு" என்று சொல்லி நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருமணம் உறுதியாயிற்று.

எங்கள் கோவிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பார்கள். மணமக்களின் பெயர்களைச் சபையில் அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். முதல் ஓலை வாசித்த ஞாயிறு மாலை, நானும் பிராங்கிளினும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால். இடைவெளி. ஒரு கால். இடைவெளி.

பிராங்கிளின் ஜெபத்தை நிறுத்தினான். "யாரோ வந்திருக்காக அத்தை."

"யாருமில்ல. சொல்லு."

அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கே நாம போய்க் கூப்பிட்டுருக்கலாம்," என்றான் மெதுவாக.

"நம்ம வீட்டு வழக்கம் அது இல்ல."

அந்தச் சத்தம் படிவரைக்கும் வந்து நின்றது. அன்று மேலே ஏறவில்லை.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசற்படியில் ஒரு பெண் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு, நீல வார். நம் வீடுகளில் செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம். நான் அதைக் குச்சியால் எடுத்துக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை நின்று பார்த்தேன். மாலை அது திரும்ப வந்திருந்தது. அன்று ஒரு தூறல்கூட இல்லை. செருப்பின் அடி ஈரமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பங்குத் தந்தையிடம் சொன்னால் வீட்டை மந்திரித்துத் தருவார்தான். ஏன் என்று கேட்பார். கேட்டால், நான் யார் பெயரில் எதை வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். அது முடிந்துவிட்டால் திருமணம். திருமணம் ஆகிவிட்டால் வீட்டில் வேறு ஒருத்திக்கு இடமிருக்காது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு ரொனால்டு குடும்பமும் எங்கள் கோவிலுக்கு வந்திருந்தது. ரீனா எனக்கு முன்வரிசையில், பெண்கள் பக்கம், பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. கோவில் நிறைந்து, பின்னால் பலர் நின்றுகொண்டிருந்தும் அந்த இடத்தில் யாரும் போய் உட்காரவில்லை.

பூசை முடியும் தருவாயில் பங்குச் சாமியார் ஓலை வாசித்தார். பிராங்கிளின் பெயர். ரீனா பெயர். இது மூன்றாவது அழைப்பு.

"இத்திருமணத்திற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

சாம்பிராணிப் புகைக்குள் எங்கிருந்தோ கொத்தமல்லி வாசனை வந்தது.

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"வந்துட்டேன்."

பெண்கள் பக்கமிருந்து. சத்தமாக இல்லை. வகுப்பில் வருகைப் பதிவின்போது ஒரு பிள்ளை அடக்கமாகச் சொல்வதுபோல.

சாமியார் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "யாரும்மா அது?"

மின்விசிறிகள் மட்டும் சுற்றின. ரீனா மெல்ல என் பக்கம் திரும்பினாள். உதடு வெளுத்திருந்தது.

"டீச்சர்," என்று கிசுகிசுத்தாள், "எம் பக்கத்துல யாரோ உக்காந்துருக்காக."

அவளுடைய சேலை முந்தானை, அந்தக் காலி இடத்தின் பக்கம் விழுந்திருந்த பகுதி, நனைந்து தரையோடு ஒட்டியிருந்தது.

மாலை ரொனால்டு தனியாக வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளேயே வரவில்லை. வாசற்படியில் கிடந்த நீல வார்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு நகலை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார்.

"எம் பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது டீச்சர். நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா உங்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு."

அதோடு எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, தள்ளிப் போட்டிருக்கிறோம் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். வீட்டுப் பேச்சு வெளியே போகக் கூடாது.

இப்போது என் பாடு இதுதான். பிராங்கிளின் பள்ளிக்குப் போனபின் நான் வீட்டில் தனியாக இருக்கிறேன். கேட்டில் யாராவது கூப்பிட்டால், முழங்கால் வலியோடு என்னால் முடிந்த வேகத்தில் வாசலுக்குப் போகிறேன். முதல் குரலுக்கோ இரண்டாம் குரலுக்கோ நான் பதில் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது குரல் எழக் கூடாது.

நேற்று முந்திக்கொள்ள முடியவில்லை.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் நாச்சிமுத்து, வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைத் தட்டினான். "டீச்சரம்மா..." நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "டீச்சரம்மா..." துணியைப் போட்டுவிட்டு நடந்தேன். கூடத்தைத் தாண்டுவதற்குள் கால் இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்தேன்.

"வீட்ல யாரு?"

சமையலறைக்குள்ளிருந்து பதில் வந்தது. பதற்றமில்லாமல், மூச்சிரைப்பு இல்லாமல், நெடுநாளாக அந்த அடுப்பங்கரையில் புழங்குகிறவளின் குரலில்.

"இருக்கேன்."

நான் வாசலுக்கு வந்தபோது நாச்சிமுத்து சிலிண்டரைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க எதுக்கும்மா காலை இழுத்துக்கிட்டு வாரீக? அதான் மருமக கொரல் குடுத்துருச்சுல்ல." கீழே பார்த்தான். "ஒத்தச் செருப்பு கெடக்கு. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். இன்னொண்ணைத் தேடச் சொல்லுங்க. இது யாரோடது?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"எங்க வீட்டு மருமகளோடது," என்றேன்.

அவன் போனபின் நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் அரிவாள்மணையில் கீரை நறுக்குவதுபோல மெல்லிய சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் கொத்தமல்லி வாசனை கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவரை வந்தது.

மாலை பிராங்கிளின் வந்தான். தன் செருப்பைக் கழற்றினான். குனிந்து, அந்த ஒற்றைச் செருப்பை நேராக்கி, தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தான்.

பிறகு உள்ளே போனான்.

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.